போதும் என்று சொல்கிறவள்

திருச்சி தாண்டிவிட்டது. இனி மணப்பாறை ஒன்றுதான், அதைக் கடந்துவிட்டால் திண்டுக்கல், ஆட்டோ, வீடு, வீட்டில் எல்லாம் பூட்டித்தான் இருக்கிறது, அங்கே போய் நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே மூடக் கூடாது. காலையில் எழும்பூரில் ஏறியதிலிருந்து எத்தனை கூடை, எத்தனை வாளி, எத்தனை தட்டு இந்த வழியாகப் போயிருக்கும். வடை வடை வடை என்று இரண்டு பெட்டி தள்ளி ஒரு குரல் கேட்கும்போதே என் முதுகு நிமிர்ந்துவிடுகிறது, ஆனால் அமலிக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், முதலில் மூக்கு திரும்பும், பிறகு கண், பிறகு உடம்பு மொத்தமும். ஒன்பது வயது உடம்பு. குட்டை, இடுப்பில் கனம், கைகள் மட்டும் நாலு வயதுப் பிள்ளையின் கைகள் மாதிரிச் சின்னதாக. ஜன்னலோரம் அவளை வைத்து வழிப்பக்கம் நான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுகிறேன், வெயில் அடிக்கிறது என்று எதிர் சீட்டு அம்மாளிடம் பொய் சொன்னேன், வெயில் மறுபக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா, அடுத்த சாப்பாடு எங்க. திண்டுக்கல்ல, வீட்டுல. என்னது. சுண்டல், ஒரு கிண்ணம். அதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. அவள் தலையாட்டிவிட்டு மடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் துண்டுப் படத்தை அடுக்குகிறாள், யானையின் காதும் புல்லும் எங்கே சேரும் என்று எனக்குப் பார்த்தாலும் தெரியாது, அவளுக்குப் பார்க்காமலே தெரியும். கொஞ்ச நேரம் போய் மறுபடியும், அம்மா, அடுத்தது எங்க. திண்டுக்கல்ல. அதே குரல், அதே வார்த்தை, ஏற்றம் இறக்கம் கூடாது. கிடைக்குமோ என்கிற நப்பாசைதான் இந்தப் பிள்ளைகளைப் பசியைவிட அதிகமாக வதைக்கிறது, இல்லை என்றால் இல்லை என்று இருக்க வேண்டும், உண்டு என்றால் சொன்ன இடத்தில் சொன்ன அளவு வந்து நிற்க வேண்டும் என்று டாக்டர் மும்தாஜ் சொல்லிக் கொடுத்தார். அது மட்டும் எனக்கு நன்றாக வருகிறது. இல்லை என்று சொல்ல நான் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டேன்.

நேற்று டாக்டர் சொன்னதை மறுபடி ஒருதரம் வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் இவர் கேட்பார், எனக்கு நாக்குக் குழறக் கூடாது. நோயின் பெயர் போன வருஷமே தெரிந்துவிட்டது, பிராடர் வில்லி, அதற்கு முன்னால் தைராய்டு என்றார்கள், சோம்பேறி என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள். காரணம்தான் நேற்று வந்தது. நம்ம எல்லாருக்கும் ஒவ்வொரு குரோமோசோமும் ரெண்டு பிரதி, ரெஜினா, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, பெரும்பாலும் உடம்பு ரெண்டையும் படிக்கும். ஆனா பதினஞ்சாவதுல ஒரு சின்ன இடம் இருக்கு, அங்க மட்டும் அம்மாவோட பிரதியில, இதைப் படிக்காதேன்னு உடம்பே குறி போட்டு வச்சிடும். உங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். அப்பாவோடதை மட்டும்தான் படிக்கும். அமலிக்கு அந்த இடத்துல அப்பாவோட பிரதியில ஒரு துண்டு உதிர்ந்துபோச்சு. அப்போ நான் கேட்டேன், என்னோடது? என்னோடது இருக்கா டாக்டர்? இருக்கு. முழுசா இருக்கு. ஒரு எழுத்துகூடக் குறையல. பூட்டு மட்டும் போட்டிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திண்டுக்கல்காரியிடம் வந்து பூட்டைப் பற்றிச் சொல்கிறார், என் அடுக்களைக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று, குப்பை வாளிக்குக்கூட ஒன்று. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு எனக்குமே புரியவில்லை. முழுசா இருக்கு. வயிறு நிறைந்துவிட்டது, போதும், என்று அவள் மூளைக்குச் சொல்ல வேண்டியது என்னிடமிருந்து அவளுக்குள் போய் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறக்காமல்.

வாயே திறக்காதவள்தானே அவளும். பிறந்தபோது அழக்கூட இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், துணி மாதிரித் துவண்டு கிடந்தாள், மார்பில் வைத்தால் உதட்டை அசைக்க மாட்டாள். பாலை இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன், மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், குடிடி, என் தங்கமே, ஒரு வாய் குடிடி, என்று எத்தனை ராத்திரி கெஞ்சியிருப்பேன், வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று வயதில் ஒருநாள் தானாகத் தட்டை இழுத்து முழு இட்லியையும் தின்றாள். இன்னொன்று கேட்டாள். நான் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், என்னங்க வாங்க, சாப்பிடுறா பாருங்க, பிள்ளை சாப்பிடுறா. இரண்டு பேரும் அழுதோம், தெருவுக்கே கேக் கொடுத்தோம். அந்த வருஷம் முழுவதும் வீட்டில் சந்தோஷம். பக்கத்து வீட்டு நாயின் சட்டியில் இருந்த சோற்றை அவள் குனிந்து அள்ளித் தின்றுகொண்டிருந்ததைப் பார்க்கிறவரைக்கும். நாய்கூட ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஊறப்போட்ட அரிசி, உறைந்த மீன், பல் பேஸ்ட், எதுவும் விலக்கில்லை. அவளுக்கு வாந்தி வராது, வயிற்று வலியும் சரியாகத் தெரியாது, அதிகமாகப் போனால் வயிறே கிழிந்துவிடலாம், கிழிந்த பிறகுகூட அழாமல் இருப்பாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்ன அன்றைக்குத்தான் குப்பை வாளிக்கும் பூட்டு வாங்கினேன். யாருக்கு இதெல்லாம் புரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது பருத்த பிள்ளையும் பக்கத்தில் கல் மாதிரி ஒரு தாயும்தான்.

இவருடைய அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. தவக்காலத்தில் நான் கர்ப்பமாக இருந்தேன், வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வேன், அது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். வயித்துல பட்டினி போட்டா, இப்ப அது தின்னு தீர்க்குது, என்று ஒரு நல்லது கெட்டது விடாமல் எல்லோரிடமும் சொன்னார். நான் எதிர்த்துப் பேசியதில்லை, ஏனென்றால் உள்ளே எனக்கும் அதுதான் என்று பட்டது. போன வருஷம் போனில் தேடித் தேடிப் படித்தேன், எபிஜெனெடிக்ஸ் என்று ஒரு வார்த்தை, எங்கோ ஒரு நாட்டில் சண்டைக் காலத்துப் பஞ்சத்தில் கருவுற்ற பிள்ளைகள் வளர்ந்து முதிர்ந்த பிறகும் அந்தப் பட்டினியின் குறி அவர்கள் மரபணு மேலே ஒட்டிக்கொண்டிருந்ததாம். எழுத்து மாறவில்லையாம், எழுத்தின்மேல் ஒட்டுகிற குறி மாறியிருந்ததாம். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியானால் மாமியார் சொன்னது சரி. நேற்று அதையும் கேட்டுவிட்டேன், டாக்டர், நான் நோன்பு இருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீங்க படிச்சது நிஜம் ரெஜினா, நானும் படிச்சிருக்கேன். மாசக்கணக்கா கிழங்கும் இல்லாமக் கிடந்தவங்க கதை அது. உங்க மகளுக்கு நடந்தது வேற. வெள்ளிக்கிழமை நோன்பு குரோமோசோம்ல இருந்து துண்டை உதிர்க்காது. அது கரு உண்டாகிறதுக்கு முன்னாடியே தற்செயலா நடந்தது, யாரும் செஞ்சது இல்ல, உங்களுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தா இப்படி ஆகுறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. யாரும் செஞ்சது இல்ல. ஆனால் என் காது அதற்கு முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டது. அப்பாவோட பிரதி. அப்பாவோட. ஆஸ்பத்திரி படியில் இறங்கும்போது எனக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்றால், அத்தை, உங்க மகன் பக்கம்தான், கேட்டுக்கோங்க, பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது சொல்ல வேண்டும், மாமியார் என்னைச் சொன்ன அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷம் வாயில் அடக்கிவைத்த இடத்தில் அந்த வார்த்தை கச்சிதமாக உட்கார்ந்தது.

ராத்திரி லாட்ஜிலிருந்து இவருக்குப் போன் போட்டேன். ஸ்டனிஸ்லாஸ், பி.டி. வாத்தியார், மாநில அளவில் ஓடியவர், அவர் தெருவில் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டிரில் சொல்லித் தர்றீங்க சார், என்று சிரிக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு நடக்கிறதையே விட்டுவிட்டார், பைக்கில்தான் எல்லாம். இந்தத் தடவை ஸ்போர்ட்ஸ் டே என்று வரவில்லை. பயம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், உங்க பிரதியில ஒரு துண்டு இல்லையாங்க, தற்செயலாம். அந்தத் தற்செயலை நான் எவ்வளவு மெல்லச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். காலையிலிருந்து இரண்டு தடவை போட்டேன், எடுக்கவில்லை. என்ன செய்துகொண்டிருப்பார். மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். உட்காரட்டும் என்று ஒரு மனம், ஐயோ என்று ஒரு மனம்.

"பாப்பா என்ன படிக்குது?"

எதிர் சீட்டு அம்மாள். விருதுநகர் போகிறார், பெயர் கோமளவல்லி, தங்கை மகள் வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறார், பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் பெரிய கட்டைப்பை. செங்கல்பட்டிலேயே இதையெல்லாம் சொல்லிவிட்டார். நாலாவது என்றேன். வளைகாப்புச் சோறு ஏழு வகை கட்டிக் கொடுத்திருக்காக, புளியோதரை மட்டும் ஒரு வாய் பிள்ளைக்குக் குடுக்கட்டுமா, என்று விழுப்புரத்தில் கேட்டார், வேண்டாங்க்கா என்றேன். அரியலூரில் கேட்டார், வேண்டாம் என்றேன். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளிடம்தான் எனக்குப் பயம். ஏம்மா, நானும் காலையில இருந்து பாக்குறேன், நீ அந்தப் புள்ளைக்கு ரெண்டு வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும் தவிர ஒண்ணுமே குடுக்கல. குண்டா இருக்குன்னு பட்டினி போடுறியா? வளர்ற புள்ளம்மா. தைராய்டு இருக்குக்கா, டாக்டர் சொல்லியிருக்காங்க, என்று நான் எப்போதும் சொல்லும் பொய்யைச் சொன்னேன். அப்போது அமலி தலையைத் தூக்கி, மூக்கால் பேசுகிற அந்தக் குரலில், தெளிவாக, எங்கம்மா எனக்குச் சாப்பாடு தர மாட்டாங்க, அடுக்களைய பூட்டிருவாங்க, என்றாள். கோமளவல்லி என்னைப் பார்த்த பார்வை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சஃபாரி சட்டைக்காரர் பேப்பரை இறக்கினார். பாப்பா, இவங்க உன் சொந்த அம்மாவா, என்றார் கோமளவல்லி. ஆமா அத்தை. அத்தை என்று எவ்வளவு அழகாகக் கூப்பிடுகிறாள், சாப்பாடு வைத்திருக்கிறவர்களை அவள் உறவு சொல்லித்தான் கூப்பிடுவாள். நான் வழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் மும்தாஜ் ஆராய்ச்சி ஒன்றில் சேரச் சொல்லி முன்பே கேட்டிருந்தார், நேற்று விவரம் சொன்னார். தோல், ஒரு சின்ன வட்டம், பென்சில் முனை அளவு, கையில் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்களாம். அமலியின் தோல், எங்கள் இரண்டு பேர் ரத்தம். அந்தத் தோலிலிருந்து செல்களை வளர்த்து, என் பிரதியின் மேல் இருக்கிற குறியைக் கழற்ற முடிகிறதா என்று மருந்துகளைப் போட்டுப் பார்ப்பார்கள். எலிக்குட்டிகளில் எழுப்பிப் பார்த்திருக்கிறார்களாம், அம்மா எலியின் பிரதி விழித்துக்கொண்டதாம். மனுஷருக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ, வராமலேயும் போகலாம், கழற்றக் கூடாத வேறு குறியும் சேர்ந்து கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும், அமலிக்கே பயன்படும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் ரெஜினா, பொய் சொல்ல மாட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. வாக்குக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், ஒருவர் வேப்பங்கொழுந்து, ஒருவர் தாயத்து, ஒருவர் அறுவை சிகிச்சை. டாக்டர் மும்தாஜ் ஒருவர்தான் தெரியாததைத் தெரியாது என்றார். போன வாரமே வீட்டில் இவரிடம் பேச்சு எடுத்தபோது, பிள்ளையை எலியாக்காதே, என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எலி. எந்த எலி. கூண்டுக்குள் இருக்கும் எலிக்கா பயப்படுகிறார், பூட்டிய வீட்டுக்குள் இப்போது என்னவாக இருக்கிறோமாம் நாம். எலி என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைக்கிறார். அந்த எலிக்குட்டியை அதன் தாய் எப்படிப் பார்த்திருக்கும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது திடீரென்று வாயை அசைத்தபோது. எலிக்குத் தெரியுமா அது தன்னுடையதுதான் என்று, தன்னிடமிருந்து போய் உறங்கிக் கிடந்ததுதான் என்று. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எப்படி விட்டுவிட முடியும். தோல் மூன்று நாளில் ஆறிவிடும், அவள் மணிக்கட்டைத் தானே பிறாண்டிக்கொள்கிற புண்ணே அதைவிடப் பெரிது. இவர் வேண்டாம் என்றால். இவர் கையெழுத்தும் வேண்டுமா, ஒருவர் போதுமா, கேட்க மறந்துவிட்டேன். கேட்க வேண்டும். இன்றைக்கே

முறுக்கு. ஐயோ, மணப்பாறை, நின்று கிளம்பியும் ஆகிவிட்டது, ஷட்டர் திறந்திருக்கிறது, முறுக்கு முறுக்கேய் என்று பெட்டி முழுவதும் குரல், கோமளவல்லி கையில் சில்லறை, மடியில் இரண்டு பாக்கெட், இல்லை, ஒன்று, இன்னொன்று எங்கே. என் இடப்பக்கம் நறுக் என்று சத்தம். திரும்பினேன். துண்டுப் படத் தட்டு கீழே கிடக்கிறது, அவள் ஜன்னலைப் பார்த்துக் குனிந்து இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டிருக்கிறாள், கன்னம் இரண்டும் புடைத்து, மூச்சுவிட இடமில்லாமல், கண் நிலைகுத்தி. கடிக்காமல் முழுங்குகிறாள், அப்படித்தான் முழுங்குவாள், நான் வருவதற்குள். தொண்டையில் நின்றுவிடும். அமலி, துப்பு. துப்புடி. என் விரலை வாய்க்குள் விட்டேன், கடித்தாள், எலும்புவரைக்கும் கடித்தாள், நான் விடவில்லை, இன்னொரு கையால் முதுகில் தட்டினேன், விரலை வளைத்துத் தோண்டினேன், ரத்தமும் மாவுமாக உருண்டை உருண்டையாக வந்து விழுந்தது. அவள் மூச்சை இழுத்து அலறினாள். பெட்டியே எழுந்து நின்றது.

"ஏய், என்னம்மா பண்ற பிள்ளைய! விடும்மா!" சஃபாரி சட்டைக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "வாய்க்குள்ள கைய விட்டுத் தின்றதைப் பிடுங்குற? நீயெல்லாம் ஒரு தாயா? அடுத்த ஸ்டேஷன்ல போலீஸைக் கூப்பிடுறேன் பாரு."

"எம் மடியில இருந்துதான் எடுத்துச்சு, எடுத்தா எடுத்துட்டுப் போகுது," என்றார் கோமளவல்லி. "அதுக்கு இப்படியா தாயி?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். கல்யாண வீட்டிலிருந்து, கோயில் திருவிழாவிலிருந்து, பள்ளி ஆண்டு விழாவிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் ஓடியிருக்கிறேன். ஓடுகிற ரயிலில் எங்கே ஓடுவது. எழுந்து நின்றேன். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

"கூப்பிடுங்க சார். போலீஸ் வரட்டும், அவங்ககிட்டயும் சொல்றேன். தைராய்டுன்னு நான் சொன்னது பொய். இவளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். நாம சாப்பிட்டா வயிறு நிறைஞ்சிருச்சு, போதும்னு மூளைக்கு ஒரு சேதி போகும். இவளுக்கு அது போகாது. ஒரு பானை சோறு தின்னாலும் போகாது. இப்ப சாப்பிட்டு முடிச்ச மறு நிமிஷமும் இவளுக்கு மூணு நாள் பட்டினி கிடந்த பசி. நான் பூட்டலைன்னா வயிறு வெடிக்கிறவரைக்கும் தின்னுவா, வலிகூடத் தெரியாது. போன தடவை ஆஸ்பத்திரியில இவளோட நோய் இருந்த ஒரு பையனைப் பார்த்தேன். அவன் இப்ப இல்ல. ஒரு கல்யாணத்துல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அன்பாக் குடுத்தாங்க." குரல் உடையவில்லை, எனக்கே ஆச்சரியம். "நான் கொடுமைக்காரிதான். அவ உயிரோட இருக்கணும்னா யாராவது ஒருத்தர் அப்படி இருந்துதான் ஆகணும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

சஃபாரி சட்டைக்காரர் பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். கோமளவல்லி என் விரலைப் பார்த்தார், மடியில் இருந்த பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு எழுந்தார். காலடிப் பையைத் தூக்கினார், மேலே இருந்த தூக்குவாளியை எடுத்தார், சார், உங்க கையில இருக்குறதையும் குடுங்க, என்று அவருடைய பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டார், பின் சீட்டுக்காரர்களிடமும் கேட்டு வாங்கினார், ஒரு பெண்ணிடம் கொய்யாப்பழம், ஒருவரிடம் கடலைப் பொட்டலம். எல்லாவற்றையும் பட்டு முந்தானையில் அள்ளிக்கொண்டு, நான் வாசல்கிட்ட நிக்கிறேன் தாயி, திண்டுக்கல் வந்ததும் வர்றேன், என்று போனார். கழிப்பறைக்கு வெளியே, நாற்றத்தில், வளைகாப்புச் சோற்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு அம்மாள் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எனக்காக இதுவரைக்கும் யாரும் சாப்பாட்டைத் தூரக் கொண்டுபோனதில்லை, எல்லோரும் கொண்டுவந்தார்கள்.

அமலியின் அலறல் விக்கலாகி ஓய்ந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் இதைச் சொன்னதே இல்லை, சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன், பிள்ளை மனது ஒடிந்துவிடும் என்று. அம்மா, எனக்குப் பசிக்கிறது பொய்யா? இல்லடி, பசி நிஜம். உனக்கு எப்பவும் நிஜமாத்தான் பசிக்குது, எனக்குத் தெரியும். போதும்னு சொல்ற ஆள்தான் பேச மாட்டேங்குது. யாரு அது? அம்மா குடுத்ததுதான். நீ பிறக்குறப்ப அம்மா உனக்குள்ள வச்சு அனுப்பினேன். அது எங்க? உனக்குள்ளேயே இருக்கு, தூங்குது. அவள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள், சட்டையைத் தூக்கியே பார்த்தாள். யோசித்தாள். அவள் யோசிக்கும்போது துண்டுப் படத்தில் இடம் தேடுகிற அதே முகம். டாக்டரம்மா எழுப்புவாங்களா? தெரியல, முயற்சி பண்ணிப் பாக்கணுங்குறாங்க. அதுக்கு உன் கையில இத்தனூண்டு தோல் வேணுமாம், கொஞ்சம் வலிக்கும். எழுந்திரிக்காமலும் போயிரலாம், அமலி. ரொம்ப நாளாவும் ஆகலாம். அவள் மணிக்கட்டுப் புண்ணை நீட்டினாள், பிறகு அது சரியில்லை என்று தோன்றியதோ என்னமோ, புண் இல்லாத மறுகையை நீட்டினாள்.

"எழுப்பும்மா," என்றாள். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ஒன்பது வருஷத்தில் தின்னத் தா என்று எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறாள், திருடி, பொய் சொல்லி, தரையில் புரண்டு, கஷ்டமாக இருக்கிறது என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நான் அவளுக்குக் காவல் இருந்தேன். அவளும் உள்ளே தனியாகக் காவல் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். மாமியார், ஞாயிற்றுக்கிழமை, பூசை, அந்த நல்ல வார்த்தை, எல்லாம் எங்கோ போய்விட்டது, தேடிப் பார்த்தேன், இருந்தது, ஆனால் யாருடையதோ மாதிரி இருந்தது. போனை எடுத்து டாக்டர் மும்தாஜுக்குச் சேதி அனுப்பினேன், நாங்கள் சேர்கிறோம், எப்போது வர வேண்டும் என்று சொல்லுங்கள். அனுப்பிய பிறகுதான் நாங்கள் என்று எழுதியதைக் கவனித்தேன். மாற்றவில்லை. அடுத்த மாதம் வாருங்கள் என்று பதில் வந்தது. அமலி என் மடியில் சாய்ந்து அப்படியே உறங்கிவிட்டாள், அலறினால் உறங்கிவிடுவாள், கனம், கால் மரத்துப்போகிறது, விரல் விண்விண் என்று தெறிக்கிறது. வடமதுரை போகிறது. மலை தெரிகிறது.

திண்டுக்கல் பிளாட்பாரத்தில் இவர் நின்றிருந்தார். பள்ளி டிராக் சூட்டிலேயே வந்திருக்கிறார், கழுத்தில் விசில்கூடத் தொங்குகிறது, முகம் சவரம் செய்யாமல், கண் சிவந்து. கோமளவல்லி வாசலில் வழிவிட்டு, போயிட்டு வா தாயி, புள்ள எந்திரிக்கிறதுக்குள்ள இறங்கு, என்று மெதுவாகச் சொன்னார், அமலியின் கால் தொங்குவதைத் தூக்கிவிடக் கையில்லை அவருக்கு, முழங்கையால் தாங்கிக் கொடுத்தார். இவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ரயில் போனது. பிறகு முந்தானை சுற்றிய என் விரலைப் பார்த்தார், அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ரெஜினா, நான்தானா?"

ஒரு மூச்சு நேரம் அவரைக் காக்க வைத்தேன். வேண்டுமென்றேதான். அந்த ஒரு மூச்சுக்கு எனக்கு உரிமை உண்டு என்று பட்டது, அதற்கு மேல் இல்லை என்றும் பட்டது.

"யாரும் இல்ல. நீங்களும் இல்ல, நானும் இல்ல, என் நோன்பும் இல்ல. உங்கம்மாகிட்ட இதை நீங்கதான் சொல்லணும், இதே வார்த்தையில, நான் சொல்ல மாட்டேன்." அவர் தலையாட்டினார். "அடுத்த மாசம் சென்னை போறோம். அவளுக்குத் தோல் எடுக்கணும், நமக்கு ரத்தம். அவகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா."

"அவகிட்டயா கேட்ட?"

"அவகிட்டதான் கேட்டேன்."

அவர் தோளில் உறங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த மாசம் மண்டல விளையாட்டுப் போட்டி இருக்கு, ரெஜினா. ரெண்டு பேரா போயிட்டு—"

"லீவு போடுங்க."

ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே டீக்கடையில் பஜ்ஜி எண்ணெய் காயும் வாசனை, அமலியின் மூக்கு உறக்கத்திலேயே ஒருதரம் விரிந்து அடங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கடை இருக்கிற பக்கம் விட்டு மறுபக்கத் தோளுக்கு அவளை மாற்றிக்கொண்டார்.

"போடுறேன்," என்றார். "வா, நடந்தே போவோம்."